குரல் எட்டும் தூரம்: மலையுச்சிக் கோபுரங்களும் குமரி மாவட்டமும்



இலக்கிய மன்றத்தின் நினைவுச் சொற்பொழிவில் இரும்புக் கோபுரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கவிதையும் கதையும் பேச வேண்டிய மேடையில் இதற்கென்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். யார் பேசினால் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது இலக்கியத்துக்கும் முந்திய கேள்வி. அந்தக் கேள்விக்கு நம் காலத்தில் அரசு சொன்ன பதில்தான் மலையுச்சிகளில் நிற்கும் வானொலி, தொலைக்காட்சிக் கோபுரங்கள். சாதியை ஊருக்குள் தேடிப் பழகிய நாம், அதை ஆகாயத்திலும் கொஞ்சம் தேடிப் பார்க்கலாம்.

கோபுரத்தை ஏன் மலையில் நடுகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். மத்திய அலை வானொலி தரையை ஒட்டி ஊர்ந்து போகும். அதற்கு மலை தேவையில்லை. பண்பலையும் தொலைக்காட்சியும் அப்படியல்ல. அவை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு குறுக்கே வந்ததும் தலைக்கு மேலே கடந்து போய்விடும். ஆகவே கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். கணக்கு எளியது: மீட்டரில் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால் ஏறத்தாழக் கிலோமீட்டர் வந்துவிடும். 100 மீட்டர் உயரத்திலிருந்து 40 கிலோமீட்டர். 2,000 மீட்டரிலிருந்து 180 கிலோமீட்டர். சமவெளியில் 2,000 மீட்டர் கோபுரம் கட்ட எந்த அரசாலும் முடியாது. மலை அதை இலவசமாகத் தருகிறது. கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்தி ஒளிபரப்பியும், 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட் பண்பலையும் நிற்பதற்குக் காரணம் இதுதான். மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் என்று உள்மாவட்டங்களின் பெரும்பரப்பை அந்த ஒரே மேட்டிலிருந்து பார்த்துவிடலாம்.

குமரி மாவட்டத்தைப் பார்க்க முடியாது. கொடைக்கானலிலிருந்து நாகர்கோவில் நேர்கோட்டில் 225 கிலோமீட்டருக்கும் அதிகம். நடுவே வருசநாட்டு மலையும் மற்ற மலைகளும் மறிக்கின்றன. தமிழ்நாட்டின் மிகப் பெரிய குரல் எட்டாத மூலையாக நம் மாவட்டம் இருந்தது. இந்த மூலையிலிருந்து வரலாற்றைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒலிபரப்பு என்பது காற்று மாதிரி, இருப்பதே தெரியாது. ஓரத்தில் இருப்பவருக்குத்தான் அது எங்கிருந்து வருகிறது, யார் கொடுப்பது என்ற கேள்வி வரும்.

தூரம் என்ற சொல்லுக்குத் திருவிதாங்கூரில் ஒரு பழைய பொருள் உண்டு. எந்தச் சாதிக்காரர் எந்தச் சாதிக்காரரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்ட நாடு இது. புலையருக்கு 64 அடி என்று ஒரு நூல் சொல்லும், 96 என்று இன்னொன்று சொல்லும். எண் மாறும், கணக்கு மாறாது. வழியில் நம்பூதிரி வருகிறார் என்றால் முன்னால் ஒருவர் கூவிக்கொண்டே போவார். அந்தக் கூவல் காதில் விழுந்ததும் வயலுக்குள் இறங்கிவிட வேண்டும். ஒருவருடைய குரல் இன்னொருவரை வழியிலிருந்து விரட்டும் கருவியாக இருந்தது. 1855இல் திருவிதாங்கூர் அடிமை முறையை ஒழித்தது, 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்து அறிவிப்பு வந்தது. இரண்டும் காகிதத்தில் வந்தவை. 1893இல் அய்யன்காளி பொதுவழியில் வில்வண்டியில் போனபோது இந்தத் தூரக் கணக்கின்மீதுதான் சக்கரத்தை ஏற்றினார்.

பறை என்ற சொல்லையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விளவங்கோடு பக்கம், 'சொல்லு' என்பதற்குப் 'பறை' என்றுதான் இன்றும் பேசுகிறார்கள். மலையாளத்திலும் அப்படியே. பறைதல் என்றால் சொல்லுதல். ராசா உத்தரவு, ஊர்க்கூட்டம், சாவு, வெள்ளம் எல்லாவற்றையும் பறையடித்துச் சொன்னவர்கள் நம் மக்கள். அக்காலத்தின் ஒலிபரப்பிகள் அவர்கள்தாம். ஆனால் அவர்கள் அறிவித்த சேதி எதுவும் அவர்களுடையதாக இருந்ததில்லை. தோளில் கருவி, வாயில் பிறருடைய வாசகம். சொல்கிறவரும் சொல்லப்படுவதன் சொந்தக்காரரும் வேறுவேறாக இருந்த இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வந்த வானொலியைப் புரிந்துகொள்வது சுலபம்.

இந்த ஏற்பாட்டை உடைத்த ஒருவரை நாஞ்சில் நாட்டு வரலாறு போதிய அளவு பேசுவதில்லை. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் மகாராசன். சிதம்பரத்துக்கு வழிபடப் போனவர் தஞ்சாவூரில் கிறித்தவம் கேட்டு, வேதமாணிக்கம் ஆகித் திரும்பினார். அவர் அழைத்துத்தான் 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. அடுத்த தலைமுறை மிஷனரியான சார்லஸ் மீட் காலத்தில் நாகர்கோவிலில் அச்சகம் வந்தது. தென்திருவிதாங்கூரின் பள்ளிக்கூடம், அச்சு, பத்திரிகை என்று நாம் பெருமையாகச் சொல்லும் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சாம்பவர் நடந்து போய் ஒரு சேதியைக் கேட்டு, தன் சேதியாக அதைக் கொண்டுவந்தார் என்பது இருக்கிறது. மிஷன் வரலாறுகள் வெள்ளைக்காரரை முன்னால் நிறுத்தும், சாதி வரலாறுகள் வேறு யாரையாவது நிறுத்தும். மயிலாடிக்குப் பக்கத்தில் மருத்துவாழ்மலை நிற்கிறது. நாராயண குரு தவமிருந்த குகை அதில் இருப்பதை எல்லோரும் காட்டுவார்கள். கீழே மயிலாடியில் வேதமாணிக்கத்தை யாரும் கேட்டால்தான் சொல்வார்கள்.

சரி, வானொலிக்கு வருவோம்.

திருவனந்தபுரத்தில் சமஸ்தான வானொலி 1943 மார்ச் 12 அன்று தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 முதல் அது அகில இந்திய வானொலியின் நிலையம். தமிழ்நாட்டுப் பக்கம் சென்னை நிலையம் 1938லும் திருச்சி 1939லும் வந்திருந்தன. 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. மொழிக்காக 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்போன மண் இது. ஆனாலும் இணைந்த பின்னும் பக்கத்தில் ஒரு தமிழ் நிலையம் கிடைக்க 1963 டிசம்பரில் திருநெல்வேலி வரும்வரை ஏழு ஆண்டுகள் ஆயின. எல்லை மாறியது, அலை மாறவில்லை. நாட்டின் வரைபடம் ஒன்று, ஒலியின் வரைபடம் வேறு.

வானொலிப் பெட்டி அன்று விலையுயர்ந்த பொருள். அஞ்சலகத்தில் உரிமம் எடுத்து ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். கூலி வேலை செய்கிற வீட்டில் அதற்கு வழியில்லை. அதனால் பஞ்சாயத்து வானொலிதான் ஏழைகளின் வானொலி. பஞ்சாயத்து அலுவலகத்திலோ பூங்காவிலோ பெட்டி இருக்கும், தூணில் குழாய் கட்டியிருக்கும். ஒன்றை மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டும். பெட்டி இருந்தது ஊரில். பெட்டியின் சாவி ஊர்க்காரரிடம். எப்போது திறப்பது, எந்த நிலையத்தை வைப்பது என்பது அவர் விருப்பம். ஆனால் குழாயிலிருந்து வந்த சத்தத்துக்கு ஊரும் சேரியும் தெரியாது. டீக்கடையில் தனிக் குவளை இருந்த அதே தெருவில், பாட்டுக்குத் தனிக் குழாய் வைக்க முடியவில்லை. ஒலியின் இந்தக் குணத்தை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. அதை மிகைப்படுத்தவும் கூடாது. கேட்பதற்குக் கிடைத்த உரிமை பேசுவதற்குக் கிடைக்கவில்லை.

எதைக் கேட்டார்கள் என்று பாருங்கள். 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஏடிடி 27 என்ற நெல் பரவியது. திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். வளர்ச்சித் தொடர்பியல் பாடநூல்களில் வெற்றிக் கதையாக வரும் நிகழ்வு இது. அதே மாவட்டத்தில், அதே பத்தாண்டில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கேட்டது கூலி உயர்வு. கூடுதல் விளைச்சலில் கொஞ்சம் கூடுதல் நெல். வேளாண் நிகழ்ச்சி 'விவசாயப் பெருமக்களே' என்று கூப்பிட்டபோது அந்த அழைப்புக்குள் நிலமுள்ளவர் இருந்தார். நாற்று நட்ட பெண்ணும் ஏரோட்டியவரும் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. விதை, உரம், பூச்சிமருந்து பற்றிச் சொன்ன குரல், கூலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஊடகத்தில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களிடம் நாம் காட்ட வேண்டிய இடம் இதுதான். திட்டில் இல்லை, விளிப்பில் இருக்கிறது.

பாட்டிலும் இதே கதை. பி.வி. கேஸ்கர் 1952 முதல் 1962 வரை அமைச்சராக இருந்த காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஏறக்குறைய வெளியேற்றியது. கலைஞர்களைத் தேர்வு வைத்துத் தரம்பிரிக்கும் முறை வந்தது. சாஸ்திரிய சங்கீதம் நடுவில் உட்கார்ந்தது, நம் கருவிகளும் பாட்டுகளும் 'கிராமிய இசை' என்ற ஓரத்துக்குப் போயின. ஆர்மோனியத்துக்குக்கூட 1940 முதல் 1971 வரை தடை. பறைக்கு என்ன இடம் கிடைத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அரசு மூடிய கதவைக் கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் திறந்தார். இலங்கை வானொலி. கேஸ்கர் துரத்திய திரைப்பாட்டு கொழும்பு வழியாகத் திரும்பி வந்தது. குமரி முதல் இராமநாதபுரம் வரை தென்கடலோரம் முழுவதும் அதைக் கேட்டது. பாட்டைவிட நமக்கு முக்கியமானது அதில் படிக்கப்பட்ட பெயர்கள். நேயர் விருப்பத்துக்கு ஓர் அஞ்சலட்டை போட்டால், பெயரையும் ஊரையும் படிப்பார்கள். அப்பன் பெயரும் கேட்க மாட்டார்கள், தெருவும் கேட்க மாட்டார்கள். ஊருக்குள் 'ஏலே' என்று மட்டும் கூப்பிடப்பட்ட ஒருவனின் முழுப்பெயர், கடலைத் தாண்டிப் போய், மரியாதையோடு திரும்பி வந்தது. பண்ணையார் வீட்டுப் பெட்டியிலும் அது கேட்டிருக்கும். தலித் தன்வரலாறுகளில் பள்ளிக்கூடம் வருகிறது, தேவாலயம் வருகிறது, சினிமாக் கொட்டகை வருகிறது. இந்த அஞ்சலட்டை போதிய அளவு வரவில்லை என்பது எங்கள் ஆதங்கம்.

இலங்கையிலிருந்து அடுத்து வந்தது படம். 1982 பிப்ரவரி 15இல் ரூபவாகினி தொடங்கியது. ஜப்பான் கொடையாகக் கட்டித் தந்தது. அதன் முதன்மை ஒளிபரப்பி நிற்பது பீதுருதாலகாலை உச்சியில். 2,524 மீட்டர், இலங்கையின் மிக உயர்ந்த மலை. நம் கணக்கின்படி அதன் பார்வை 200 கிலோமீட்டர்தான். குமரிக்கரை அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம். ஆனால் கடலுக்கு மேலே வெப்பக் காற்று படிந்து நிற்கும் நாட்களில் அலை அதற்குள் சிக்கிக்கொண்டு குழாயில் போவதுபோல் வெகுதூரம் போகும். அப்படி நல்ல இரவுகளில் மன்னார் வளைகுடாவைத் தாண்டி ரூபவாகினி நம் கரையில் ஏறியது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 முதல் தொலைக்காட்சி இருந்தும் தெற்குக்கு அது எட்டவில்லை. உயரமான அலுமினியக் குழாயில் ஆன்டெனா கட்டி, ஒருவர் மேலே திருப்ப, ஒருவர் கீழே 'வருது, வருது, போச்சு' என்று கத்த, புள்ளிக்கும் மழைக்கும் நடுவே ஊர் கூடிப் பார்த்தது. தமிழ்நாட்டின் தென்முனைக்குத் தொலைக்காட்சியை முதலில் கொடுத்தவை இன்னொரு நாட்டின் மலையும், 1982இன் இறுதியில் தொடங்கிய திருவனந்தபுரம் நிலையமும்தான்.

அந்த மலையின் அடிவாரத்தில் யார் இருக்கிறார்கள்? நுவரெலியா. தேயிலைத் தோட்டங்கள். லயன் அறைகளில் வாழும் மலையகத் தமிழர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போனவர்கள், பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாடுகளைப் பிரிப்பதற்குக்கூட மாட்டுக்காரனைக் கேட்பார்கள். இவர்களை யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தவர்கள் நீலகிரியின் டான்டீ தோட்டங்களிலும் கொடைக்கானல் மலையிலும், நம் மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர் தோட்டங்களிலும் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பீதுருதாலகாலை உச்சியில் இருந்து புறப்பட்ட அலை, லயன் அறைகளின் தலைக்குமேல் கடந்து, கடல் தாண்டி நம் கூரைமீது வந்தது. அதே மலையடியிலிருந்து புறப்பட்ட மனிதர்களும் கடல் தாண்டி நம் மலையடிக்கு வந்தார்கள். அலையை ஊர்கூடி வரவேற்றது. மனிதர்களுக்குச் 'சிலோன்காரன்' என்று பெயர் வைத்தது. 1983 ஜூலை இனப்படுகொலையின்போது, 28ஆம் தேதி ஜெயவர்த்தனா தொலைக்காட்சியில் நாட்டுக்கு உரையாற்றினார். கொல்லப்பட்ட தமிழர்களுக்காக ஒரு வார்த்தை வருத்தம் அதில் இல்லை. அந்த உரையையும் சுமந்து சென்றது அந்தக் கோபுரம்தான். கோபுரத்துக்கு எதையும் சுமக்கத் தெரியும். பீதுருதாலகாலை உச்சி பல பத்தாண்டுகள் உயர்பாதுகாப்பு வலயமாகப் பூட்டிக் கிடந்தது. அடிவாரத்தில் கொழுந்து பறித்தவர் தன் தலைக்கு மேலிருந்த மலையில் ஏற முடியாமல் இருந்தது.

கொடைக்கானலிலும் கதை வேறல்ல. மோட்டார்ச் சாலை வருமுன் வெள்ளைக்காரர்களையும் அவர்களுடைய மூட்டைகளையும் பெரியகுளத்துப் பக்கமிருந்து மலைக்குச் சுமந்தவர்கள் கூலியாட்கள். பழனி மலையில் குன்னுவர் நிலவுடைமையாளர்களுக்குப் புலையர்கள் பண்ணையடிமைகளாக இருந்ததைக் காலனிய ஆவணங்களே பதிந்திருக்கின்றன. அந்தப் புலையர்கள் இன்றும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். மலையின் உயரத்தைத் தொலைக்காட்சி பயன்படுத்திக்கொண்டது, மலையில் வாழ்ந்தவரின் சான்றிதழ் இன்னும் கீழே ஏதோ மேசையில் கிடக்கிறது.

1984 நம் மாவட்டத்துக்கு முக்கியமான ஆண்டு. அக்டோபர் 30 அன்று நாகர்கோவில் வானொலி தொடங்கியது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். தலைநகரிலிருந்து வரும் குரலை மறுஒலிபரப்பாமல், ஒரு மாவட்டம் தன்னைப் பற்றித் தன்னிடமே பேசிக்கொள்ளும் ஏற்பாடு. அதற்கு இடம் கோணத்தில், தரையில். மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் கணு நம் கண்ணெதிரே இருக்க, நிலையம் சமதளத்தில் நின்றது எங்களுக்குப் பிடித்த விஷயம். ஒரு மாவட்டத்தோடு மட்டும் பேச வேண்டியவருக்கு மலை வேண்டாம். நிலையம் தொடங்கிய மறுநாள் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். பிபிசி முதலிலேயே சொல்லிவிட்டது. அகில இந்திய வானொலி மாலை வரை உறுதிசெய்யவில்லை. உள்ளூர் வானொலி பிறந்த இரண்டாம் நாளே, பேசாமலிருக்கும் உத்தரவு எங்கிருந்து வரும் என்பதைப் படித்துக்கொண்டது.

இரண்டரை ஆண்டுக்கு முன்புதான், 1982 மார்ச்சில், மண்டைக்காட்டுக் கலவரம் நடந்திருந்தது. வதந்தி கடற்கரை ஊர்களுக்கும் உள்ளூர்களுக்கும் நடுவே காலால் ஓடிய நாட்கள் அவை. அப்படிப்பட்ட மாவட்டத்துக்கு ஒரு பொதுக் குரல் வந்ததை நாங்கள் சிறிய செய்தியாக எண்ணவில்லை. கன்னியாகுமரித் தமிழ், வில்லுப்பாட்டு, மீன்பிடி வானிலை, ரப்பர் விலை எல்லாம் அலையேறின. நம் மக்களின் பாட்டும் அதில் ஏறியது. ஆனால் 'கிராமிய இசை' என்ற அதே பழைய பெட்டிக்குள். பாடியவரின் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பாட்டு யாருடைய சாவில், எந்த வயலில், யாருக்கு வேலை செய்கையில் பிறந்தது என்பதைச் சொல்ல நிகழ்ச்சியில் நேரம் இருந்ததில்லை.

அதே 1984இல் நாளுக்கு ஒரு கோபுரம் என்ற வேகத்தில் தில்லி அரசு தொலைக்காட்சி ஒளிபரப்பிகளை நாடு முழுவதும் நட்டது. கோபுரங்கள் நட்டு முடிந்த நேரத்தில், 1987 ஜனவரி 25இல், இராமாயணத் தொடர் தொடங்கியது. அதைத் தொடர்ந்து மகாபாரதம், 1990 ஜூன் வரை. அரவிந்த் ராஜகோபால் போன்ற ஆய்வாளர்கள் இந்தத் தொடர்களுக்கும் அடுத்து எழுந்த இந்துத்துவ அரசியலுக்கும் உள்ள தொடர்பை விரிவாக எழுதியிருக்கிறார்கள், மாணவர்கள் படிக்க வேண்டும். நாங்கள் சொல்ல வருவது வேறு. 1988இல் இராமர் பட்டாபிஷேகத்தோடு தொடர் முடியும் என்றபோது, பஞ்சாபில் ஜலந்தர் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டவர்கள் அவர்கள். வால்மீகி வருகிற உத்தரகாண்டத்தை விட்டுவிட்டுத் தொடரை எப்படி முடிக்கலாம் என்று கேட்டார்கள். வேலைநிறுத்தம் மற்ற நகரங்களுக்கும் பரவியது. குப்பை தேங்கியது. தொடர் நீட்டிக்கப்பட்டது. இந்தக் கோரிக்கை இந்து மதத்துக்குள்ளேயே இடம் கேட்கும் கோரிக்கை, அம்பேத்கரியரான நமக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும், தேசம் முழுவதும் எட்டும் கோபுரத்தில் என்ன ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பேச்சுவார்த்தைக்குள் துடைப்பத்தைக் கீழே வைத்தே நுழைந்தவர்கள் அவர்கள். இதை இந்தியத் தொலைக்காட்சி வரலாறு எழுதுகிறவர்கள் வேடிக்கைச் செய்தியாக எழுதிவிட்டுப் போகிறார்கள்.

நுழைவு வேறு எப்படியும் நடக்கவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1996இல் பி.என். உனியால் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடி அலைந்து, கிடைக்கவில்லை என்று எழுதினார். பத்தாண்டு கழித்து 2006இல் அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் மூவரும் தில்லியின் 37 ஊடக நிறுவனங்களில் 315 முடிவெடுக்கும் பதவிகளை ஆராய்ந்தார்கள். தலித் ஒருவர்கூட இல்லை. பழங்குடியும் இல்லை. கோபுரம் 180 கிலோமீட்டருக்குக் கேட்கும், ஆனால் ஒலிவாங்கி இருக்கும் அறைக்கும் நமக்கும் நடுவே அந்தப் பழைய 64 அடி அப்படியே இருந்தது.

பாபாசாகேப் இந்த அறைக்குள் போனவர். உலகப்போர்க் காலத்தில் தொழிலாளர் துறை உறுப்பினராக வானொலியில் உரையாற்றினார். 1954 அக்டோபர் 3 அன்று தம் வாழ்க்கைத் தத்துவம் பற்றி அகில இந்திய வானொலியில் பேசினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து பெற்றதாகச் சொன்ன உரை அது. நாக்பூர் தீட்சைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அரசின் அலையிலேயே அவர் தம் திசையை அறிவித்துவிட்டார். அதைக் கேட்ட பஞ்சாயத்துக் குழாய்கள் எத்தனை இருந்திருக்கும் என்று நாங்கள் அடிக்கடி யோசிப்பதுண்டு.

1995 பிப்ரவரி 9இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு அது, நமக்காகப் போட்டதல்ல. ஆனாலும் அந்த வாசல் வழியாகத்தான் 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் சமூக வானொலி உரிமம் என்ற கொள்கை வந்தது. 2008 அக்டோபர் 15இல் தெலங்கானாவின் பஸ்தாபூரில் சங்கம் ரேடியோ தொடங்கியது. நடத்தியவர்கள் தலித் பெண்கள். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத, நிலத்தில் வேலை செய்கிற பெண்கள் தாங்களே பதிவுசெய்து, தாங்களே தொகுத்து, தங்கள் தெலுங்கில் ஒலிபரப்பினார்கள். சிறுதானியத்தைப் பற்றி அவர்கள் பேசியபோது, விவசாயி என்ற சொல்லுக்குள் முதல்முறையாக விதை காத்தவளே இருந்தாள். ரேடியோ நெல் காலத்திலிருந்து நாற்பது ஆண்டு நடந்து வந்த தூரம் அது.

அந்தக் கொள்கை என்ன உயரம் அனுமதிக்கிறது தெரியுமா? கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சக்தி 100 வாட். கொடைக்கானலில் இருப்பது 10,000 வாட், அதுவும் 2,000 மீட்டர் மலையின்மேல். 30 மீட்டருக்கு நம் கணக்குப்படி 22 கிலோமீட்டர் அடிவானம், நடைமுறையில் 100 வாட்டுக்கு ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டர். செய்தி சொல்லவும் அனுமதி இல்லை, அகில இந்திய வானொலிச் செய்தியை மாற்றாமல் மறுஒலிபரப்பலாம், அவ்வளவுதான். பாட்டுப் பாடலாம், விதையைப் பற்றிப் பேசலாம். நேற்று நம் தெருவில் நடந்த வன்கொடுமையைச் செய்தியாகச் சொல்ல முடியாது. 64 அடி என்பது ஏறத்தாழ 20 மீட்டர். அரசு நமக்குப் பத்து மீட்டர் கூட்டிக் கொடுத்திருக்கிறது என்று கிண்டலாகச் சொல்லிக்கொள்கிறோம்.

எட்டும் தூரம் என்பது உயிர்ப் பிரச்சினை என்பதை 2017 நவம்பர் இறுதியில் இந்த மாவட்டம் பார்த்தது. ஒக்கி 29ஆம் தேதி தாழ்வு மண்டலம், மறுநாள் புயல். தூத்தூர் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுகள் பல நாட்களுக்கு முன்பே கரையைவிட்டுப் போயிருந்தன. கரையிலிருந்து வரும் பண்பலையும் கைக்கருவியும் அவர்களை எட்டவில்லை. திரும்பாதவர்கள் பலர். பொழுதுபோக்குக்கும் புராணத்துக்கும் மலையேறிக் கோபுரம் நட்ட நாட்டில், கடலுக்குள் ஓர் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கடலோர மக்கள் அன்று எழுப்பிய தகவல்தொடர்புக் கோரிக்கையும் நம்முடையதுதான்.

இப்போது கோபுரங்களின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2022க்குள் தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டுவிட்டன. மத்திய அலை நிலையங்களும் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. பார்வையாளர் செயற்கைக்கோளுக்கும் கைப்பேசிக்கும் போய்விட்டார். புதிய கோபுரம் தனியாருடையது, லாபம் இருக்கும் இடத்தில் மட்டும் நிற்கும். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் குடியிருப்புகளுக்குப் போகிறவர்கள் தங்கள் கைப்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்க்கலாம்.

கோபுரம் போகட்டும். நாங்கள் கவலைப்படுவது ஒலிநாடாக்களைப் பற்றி. உள்ளூர் வானொலி நாற்பது ஆண்டுகளாக நம் மக்களைப் பதிவுசெய்திருக்கிறது: ஒப்பாரி பாடிய பெண்கள், பறையும் தவிலும் வாசித்தவர்கள், கதிரறுப்புப் பாட்டுக்காரர்கள், வில்லடித்தவர்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. எழுதத் தெரியாதவர்கள், ஆகவே நூலகத்தில் அவர்கள் கிடையாது. அவர்கள் இருப்பது அந்த நாடாக்களில் மட்டும். நாடா ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும், காந்தப்பூச்சு உதிரும், மேலேயே வேறொன்றைப் பதிந்தும் விடுவார்கள். எது மிச்சம், எது எண்ணியல் வடிவத்துக்கு மாற்றப்பட்டது, பாடியவரின் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டதா என்ற பட்டியல் பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும். மாணவர்கள் தங்கள் ஊர்களில் வானொலியில் பாடிய மூத்தவர்களைத் தேடிப்போய், பாடிய ஆண்டையும் கூலியாகக் கிடைத்த தொகையையும் அந்தப் பாட்டு யாரிடம் கற்றது என்பதையும் எழுதி வாருங்கள். பழைய வானொலி உரிமப் புத்தகம், நேயர் விருப்ப அட்டை, ஒப்பந்தக் கடிதம் எது கிடைத்தாலும் படமெடுத்துக்கொள்ளுங்கள். நாடாக்களின் பட்டியலைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத வேண்டிய மனுவின் மாதிரிப் படிகள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. பத்து ரூபாய்க்கு அஞ்சல் ஆணை இணைக்க வேண்டும். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.